மீதி 721

சோர்ஸ் கோடிலிருந்து ஒரு மென்பொருளைக் கட்ட உட்கார்ந்தால் முதலில் ஓடுவது கன்ஃபிகர் என்கிற ஷெல் ஸ்கிரிப்ட். திரையில் வரிகள் சரசரவென்று ஏறும். சி கம்பைலர் இருக்கிறதா, இருக்கிறது. இன்ட்டின் அளவு என்ன, 4. லாங்கின் அளவு, 8. லாங் லாங் உண்டா, உண்டு. இதை வரிவரியாகப் படிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை; டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள். எண்வகைகளைப் பற்றி அங்கே ஓடி மறைகிற ஏழெட்டு வரிகளுக்குள் எவ்வளவு நகாசு வேலை இருக்கிறது தெரியுமா? அதில் வீண் அலங்காரம் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு இழைப்புக்கும் பின்னால் யாரோ ஒருவர் பட்ட பாடு இருக்கிறது.

சி மொழி எண்வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இன்ட் 16 பிட்டுக்குக் குறையக் கூடாது, லாங் 32க்குக் குறையக் கூடாது, 1999ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்த லாங் லாங் 64க்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் கம்பைலரை எழுதுகிறவர் பாடு. ஒரே 64 பிட் இன்டெல் சில்லில் லினக்ஸ் போட்டால் லாங் 8 பைட், விண்டோஸ் போட்டால் 4 பைட். இது தெரியாமல் கட்டிய மென்பொருள் ஒரு மெஷினில் ஒழுங்காகக் கூட்டும், இன்னொன்றில் தப்பாகக் கூட்டும். ஆகவே கட்டுவதற்கு முன்னால் விசாரித்தாக வேண்டும்.

விசாரிக்க இரண்டு வழி. எந்த மெஷின் என்று பெயரைக் கேட்டு, கையில் உள்ள பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். புது மெஷின் வந்த மறுநாள் பட்டியல் பழசாகிவிடும். பெயரே கேட்காமல் ஒரு சின்ன வேலையைக் கொடுத்து, செய்கிறதா என்று பார்ப்பது அடுத்த வழி. பெர்ல் மொழியைப் படைத்த லாரி வாலின் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் இந்த வழியில் போனது. வழியெல்லாம் ஜோக் அடித்துக்கொண்டும் போனது. 1991 கோடையில், குனூ கருவிகளைப் பராமரித்துக்கொண்டிருந்த டேவிட் மெக்கன்சி ஆரம்பித்த ஆட்டோகான்ஃபும் அதே வழிதான், ஜோக் இல்லாமல். ஆனால் ஆட்டோகான்ஃபின் உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே வேறு மாதிரி ரசம் இருக்கிறது.

மிக எளிய கேள்வியில் தொடங்குவோம். இந்தப் பெயரில் ஒரு எண்வகை உண்டா? சி மொழியில் சைஸ்ஆஃப் என்று ஒரு ஆபரேட்டர். அடைப்புக்குறிக்குள் ஒரு வகையின் பெயரைப் போட்டால் அதன் அளவைப் பைட்டில் சொல்லும். அப்படி ஒரு வகையே இல்லையென்றால் கம்பைலர் எரர் அடிக்கும். நானாக இருந்தால் இதோடு முடித்திருப்பேன். ஆட்டோகான்ஃப் முடிக்கவில்லை. ஏனென்றால் சைஸ்ஆஃப் மாறிகளின் அளவையும் சொல்லும். எந்த ஹெடர் ஃபைலிலாவது அதே பெயரில் ஒரு மாறி அறிவிக்கப்பட்டிருந்தால், வகை இல்லாமலே இந்தச் சோதனை தேறிவிடும். அதனால் இரண்டாவதாக ஒரு நிரல். அதே வரிதான், அடைப்புக்குறி மட்டும் ஒன்றுக்கு இரண்டு. மாறியின் பெயரை எத்தனை அடைப்புக்குறிக்குள் போட்டாலும் சி மொழிக்கு ஆட்சேபம் இல்லை. வகையின் பெயரை இரட்டை அடைப்புக்குறிக்குள் போட்டால் அது இலக்கணப் பிழை. ஆக, முதல் நிரல் கம்பைல் ஆக வேண்டும், இரண்டாவது கம்பைல் ஆகக் கூடாது. இரண்டும் அப்படியே நடந்தால்தான் திரையில் 'எஸ்' விழும். ஒரு ஜோடி அடைப்புக்குறியை வைத்துக்கொண்டு இவ்வளவு துல்லியமாக ஆள் அடையாளம் காண முடியும் என்று எனக்குத் தோன்றியே இருக்காது.

இனி அளவு. கட்டுகிற மெஷினிலேயே மென்பொருள் ஓடப்போகிறது என்றால் சிக்கல் இல்லை. சின்னதாக ஒரு நிரலைக் கம்பைல் செய்து, ஓட்டி, அது ஒரு கோப்பில் எழுதுகிற எண்ணைப் படித்துக்கொள்ளலாம். கட்டுவது ஒரு மெஷினில், ஓடுவது வேறொன்றில் என்னும்போதுதான் வித்தை தேவைப்படுகிறது. இதைக் கிராஸ் கம்பைல் என்பார்கள். ஊரில் இல்லாதவருக்குச் சட்டை தைக்கிற மாதிரி. ஆளை நிறுத்தி அளவெடுக்க வழியில்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சென்னை ஐஐடியில் 2014இல் தொடங்கிய சக்தி ப்ராசசர் திட்டம். பேராசிரியர் வி. காமகோடியின் குழு ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பை எடுத்துக்கொண்டு, திறந்த உரிமத்தில் வடிவமைத்த குடும்பம் அது. 2018இல் அதன் ஒரு சில்லு இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், இன்னொன்று சண்டிகரில் 180 நானோமீட்டரிலும் தயாராகி வந்தன. சின்னக் கருவிகளுக்கு இ-கிளாஸ், லினக்ஸ் ஓட்டுகிற அளவுக்கு சி-கிளாஸ் என்று வகை பிரித்திருக்கிறார்கள். வடலூரில் என் மேஜையில் இருப்பது இன்டெல் லேப்டாப். சக்திக்கு வேண்டிய லைப்ரரியை அதில்தான் கட்டியாக வேண்டும். லேப்டாப்பில் இருக்கிற ரிஸ்க்-ஃபைவ் கம்பைலர் சக்திக்கான நிரலை ஆக்கித் தரும். அதை இந்த லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க முடியாது. என் அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, ஓட்டவே முடியாதுன்னா லாங் எட்டு பைட்டுன்னு அதுக்கு யார் சொன்னா?"

கம்பைலர்தான் சொன்னது, வாயைத் திறக்காமல். கம்பைலருக்கு அளவு தெரியும். ஆனால் அதைத் திரையில் எழுதிக் காட்டு என்று கேட்பதற்கு எல்லாக் கம்பைலருக்கும் பொதுவான வழி கிடையாது. எல்லாக் கம்பைலரும் கட்டாயம் செய்கிற ஒரே காரியம், தப்பான நிரலைத் திருப்பி அனுப்புவது. ஆட்டோகான்ஃப் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஒரு அரேயை அறிவிக்கிறது. அதன் நீளம்: ஒன்றிலிருந்து, இரண்டு பெருக்கல் 'இந்தக் கூற்று பொய்' என்பதைக் கழித்தால் வருவது. சி மொழியில் உண்மைக்கு மதிப்பு 1, பொய்க்கு 0. கூற்று சரி என்றால் கழிக்க ஒன்றுமில்லை, நீளம் 1. கூற்று தப்பு என்றால் 1 − 2, அதாவது நீளம் −1. மைனஸ் நீளத்தில் அரே கிடையாது. கம்பைலர் எரர் அடித்தே தீர வேண்டும். கூற்று என்ன? 'சைஸ்ஆஃப் லாங் 7க்கு மேல் போகாது' என்பது போல ஒன்று. ஆம், இல்லை என்று பதில் வந்துவிட்டது. எந்த நிரலும் ஓடவில்லை.

அந்த அறிவிப்பின் முன்னால் ஸ்டாடிக் என்று ஒரு சொல் இருக்கிறது. கண்ணில் படாமல் போகக்கூடியது. ஃபங்ஷனுக்குள் சாதாரண அரே என்றால், நீளத்தை ஓடும்போது முடிவு செய்துகொள்ள 1999 தரம் இடம் தருகிறது. ஸ்டாடிக் போட்டுவிட்டால் அந்தச் சலுகை இல்லை. நீளம் கம்பைல் ஆகும்போதே தெரிந்தாக வேண்டும். தப்பிக்கிற சந்தை அந்த ஒரு சொல் அடைத்துவிடுகிறது.

கேட்கிற ஒழுங்கும் அழகு. முதலில், மதிப்பு பூஜ்யத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. பிறகு 0க்கு மேல் போகாதா, 1க்கு, 3க்கு, 7க்கு, 15க்கு என்று இரட்டித்து ஒன்றைக் கூட்டிக்கொண்டே ஏறும். லாங் 8 பைட் என்றால் 7இல் எரர் வரும், 15இல் தேறும். விடை 8க்கும் 15க்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. இனிப் பாதியாக வெட்டுகிற வேலை: 11, 9, 8. முடிந்தது. திரையில் '8' என்று ஒரு எழுத்து விழுவதற்குள் ஒன்பது நிரல்கள் எழுதப்பட்டு, கம்பைலரிடம் போய்த் திரும்பி, அழிக்கப்பட்டுவிட்டன. இதையெல்லாம் பையனுக்குச் சொல்லி, கன்ஃபிக் டாட் லாக் கோப்பைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு தோல்வியும் அந்த நிரலின் முழு வாசகத்தோடு அங்கே பதிவாகி இருக்கும். "எரர் எல்லாம் பார்த்து நான் பயந்துட்டேன்" என்றான். அந்த எரர்கள்தான் விடை.

இரட்டிக்கிற இடத்தில் இன்னொரு சின்ன எச்சரிக்கை. கீழ் எல்லையை, நடு எண்ணோடு ஒன்றைக் கூட்டி வைத்த அடுத்த வரியிலேயே, 'கீழ் எல்லை நடு எண்ணைத் தாண்டவில்லையா?' என்று ஸ்கிரிப்ட் கேட்கிறது. ஒன்றைக் கூட்டிய எண் பழைய எண்ணை எப்படித் தாண்டாமல் போகும் என்று சிரிப்பு வரும். ஷெல்லின் கணக்குக்கே ஒரு உச்சவரம்பு உண்டு. அதை எட்டினால் கூட்டல் தலைகீழாகிக் குறைந்த எண் வந்து நிற்கும். எண் அளவை விசாரிக்கப் போனவர், தன் கையில் இருக்கும் அளவுகோலின் எண் அளவையும் சந்தேகப்பட்டிருக்கிறார்.

சக்திக்கான விடைகளில் ரசிக்க இரண்டு விஷயம். 32 பிட் இ-கிளாஸில் லாங் 4 பைட், 64 பிட் சி-கிளாஸில் 8 பைட், எதிர்பார்த்ததுதான். ஆனால் லாங் டபுள் இரண்டிலும் 16 பைட். சின்னச் சில்லிலும் அத்தனை பெரிய புள்ளி எண்ணுக்கு இடம் ஒதுக்குவது ரிஸ்க்-ஃபைவ் உடன்பாடு. அடுத்தது கேர் என்கிற எழுத்து வகை. லேப்டாப்பின் இன்டெல் லினக்ஸில் அது மைனஸ் எண்ணையும் கொள்ளும், ரிஸ்க்-ஃபைவில் கொள்ளாது. இதைக் கண்டுபிடிக்க ஆட்டோகான்ஃப் கேட்பது ஒற்றை வரி: மைனஸ் ஒன்றைக் கேராக மாற்றினால் பூஜ்யத்துக்குக் கீழே இருக்குமா? அவ்வளவுதான்.

சிமேக் என்கிற இன்னொரு கருவி இதே சிக்கலை வேறு கோணத்தில் பிடித்தது. அது கேள்வி கேட்டு நெருக்குவதில்லை. ஒரு எழுத்து அரேயை எழுதி, 'இன்ஃபோ சைஸ்' என்று ஒரு அடையாளத்தை வைத்து, அதன் பக்கத்தில் அளவின் ஐந்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு வைக்கச் சொல்கிறது: பத்தாயிரத்தால் வகுத்த ஈவைப் பத்தால் வகுத்து மீதி, ஆயிரத்தால் வகுத்த ஈவைப் பத்தால் வகுத்து மீதி, இப்படி. கம்பைலர் அந்தக் கணக்கைப் போட்டு '00008' என்று பைனரி கோப்புக்குள் பொதித்துவிடும். சிமேக் அந்தக் கோப்பை ஓட்டுவதே இல்லை. கோப்புக்குள் அடையாளத்தைத் தேடிப் பிடித்து, முன்னால் உள்ள பூஜ்யங்களை உதறிவிட்டு, 8 என்று படித்துக்கொள்கிறது. ஒரே தடவை கம்பைல் செய்தால் போதும். கெட்டிக்காரத்தனம் என்று பார்த்தால் இதற்குத்தான் மார்க் அதிகம். ஆனாலும் என் மனசு அந்த 0, 1, 3, 7, 15இடம்தான் போகிறது.

அளவு தெரிந்தால் மட்டும் போதாத இடமும் உண்டு. 'சரியாக 8 பிட், கூடவும் கூடாது குறையவும் கூடாது' என்று ஒரு வகை வேண்டும் என்று வையுங்கள். அதற்கு இரண்டு கூற்று. ஒன்றை எடுத்து இடப்பக்கம் மூன்று பிட் தள்ளு, மறுபடி மூன்று தள்ளு, 64 வரும். ஒன்றைக் கழி, இரட்டி, ஒன்றைக் கூட்டு, 127. இது பூஜ்யத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். இருந்தால் வகை ரொம்பச் சின்னதில்லை. அடுத்து, கடைசியில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டைக் கூட்டினால் 128. 127ஐவிட அது பெரியது என்று அந்த வகை ஒப்புக்கொண்டால், வகை ரொம்பப் பெரியது, தள்ளுபடி. 8 பிட் வகையில் 128 வழிந்து மைனஸாகிவிடும், கூற்று பொய்க்கும், அரேயின் நீளம் −1 ஆகும், எரர் வரும். அந்த எரர் வந்தால்தான் தேர்வு. 16, 32, 64 பிட்டுக்கும் தள்ளுகிற எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் அதே வரி செல்லும். ஒரேயடியாகத் தள்ளாமல் ஏன் இரண்டு தவணையாகத் தள்ள வேண்டும் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. சோதிக்கப்படுகிற வகை சின்னதாக இருந்தால், ஒரே தள்ளில் அதன் அகலத்தைத் தாண்டுவது சி மொழியில் வரையறை இல்லாத செயல். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு தள்ளலும் எல்லைக்குள் நிற்க வாய்ப்பு அதிகம்.

லாங் லாங்கின் உச்ச எண்ணைக் கணக்கிடுகிற ஒரு வரியும் இதே குணம் கொண்டது. பாதியை எடு, ஒன்றைக் கழி, மறுபடி பாதியைக் கூட்டு. பாதியும் பாதியும் கூட்டி ஒன்றைக் கழித்தால் என்ன? பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டரில் பாதியும் பாதியும் கூட்டின மாத்திரத்தில் வழிந்துவிடும். பிறகு கழித்துப் பயனில்லை. கழித்தலை நடுவில் நுழைத்ததால் எந்தக் கட்டத்திலும் எண் எல்லையைத் தாண்டுவதில்லை.

இப்போது தலைப்பில் இருக்கிற எண்ணுக்கு வருகிறேன். கோப்பின் நீளத்தைச் சொல்லும் எண்வகைக்கு ஆஃப்-டி என்று பெயர். அது 32 பிட்டாக இருந்தால் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைக் கையாள முடியாது. 64 பிட்தானா என்று உறுதி செய்ய 9223372036854775807 என்ற உச்ச எண் அதில் கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணை அப்படியே எழுதிவிடலாமே என்றால், சி கம்பைலர் என்று சொல்லிக்கொண்டு திரிந்த சில சி-பிளஸ்-பிளஸ் கம்பைலர்கள் அந்த எண்ணைப் பார்த்ததுமே தப்பாக எரர் அடித்தன. ஆக, எண்ணை எழுதாமல் அந்த எண்தானா என்று சோதிக்க வேண்டும். ஆட்டோகான்ஃப் என்ன செய்தது? மேலே சொன்ன பாதி உபாயத்தால் எண்ணை உருவாக்கி, அதை 2147483629ஆல் வகுத்தால் மீதி 721 வருகிறதா, 2147483647ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று கேட்கிறது.

வகுக்கும் எண்கள் இரண்டும் 32 பிட்டுக்குள் அடங்குபவை. எந்தக் கம்பைலரும் மறுக்காது. 721 எங்கிருந்து வந்தது? பேனாவும் தாளும் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. 2147483629 என்பது இரண்டின் 31ஆம் அடுக்கில் 19 குறைவு. ஆகவே 31ஆம் அடுக்கை அதனால் வகுத்தால் மீதி 19. 62ஆம் அடுக்குக்கு 19 × 19, அதாவது 361. 63ஆம் அடுக்குக்கு அதன் இரட்டை, 722. நம் உச்ச எண் அதில் ஒன்று குறைவு. 721. அதே வழியில் மற்ற எண்ணுக்கு 1, 1, 2, கடைசியில் 1. இரண்டு எண்களும் அடுத்தடுத்த பகா எண்கள் என்பதால் இந்த இரண்டு மீதிகளையும் சேர்ந்தாற்போல் தருகிற எண்கள் மிக அபூர்வம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: உச்ச எண் வரைக்கும் மொத்தம் மூன்றே மூன்று. அவற்றில் ஆகச் சிறியது 85899345881, அதாவது 8,589 கோடிக்கு மேல். 32 பிட்டில் அடங்கக்கூடிய ஆகப் பெரிய எண்ணே 429 கோடிச் சொச்சம்தான். எனவே 32 பிட் வகை எதுவும் என்ன தகிடுதத்தம் செய்தாலும் இந்தக் கேள்வியில் தேறவே முடியாது.

இதற்கு ஒரு தம்பி உண்டு. 32 பிட்டில் நேரத்தை எண்ணும் கம்ப்யூட்டர்களுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு எண் தீர்ந்துவிடும். 2023 டிசம்பரில் வந்த ஆட்டோகான்ஃப் 2.72 இதற்கான சோதனையைச் சேர்த்தது. அங்கே உருவாக்கும் எண் இரண்டின் 32ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. கேட்கும் கேள்வி, 65537ஆல் வகுத்தால் ஈவு 65535, மீதி பூஜ்யமா? இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்று எட்டாம் வகுப்பில் படித்ததுதான்.

இந்த ஸ்கிரிப்டுகளில் பழைய கம்பைலர்களின் குற்றப் பதிவேடும் இருக்கிறது. சைஸ்ஆஃப் தருகிற எண்ணை லாங்காக மாற்றிய பிறகே ஒப்பிடுகிறார்கள். ஹெச்பி நிறுவனத்தின் ஒரு கம்பைலர் அப்படி மாற்றாவிட்டால் சரியான வரியையும் தள்ளிவிட்டது என்று, பதிப்பு எண்ணும் புகார் எண்ணும் போட்டுக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். டேண்டம் நான்ஸ்டாப் கம்பைலரின் 2004 வாக்கிலான கோளாறு ஒன்றுக்குத் தனிச் சோதனை. இன்னொரு இடத்தில், பெரிய எண்களை ப்ரீப்ராசசரில் இப்போதைக்குச் சோதிக்க வேண்டாம், 2007 நிலவரப்படி பல கம்பைலர்களில் அது உடைந்து கிடக்கிறது, 2012இல் மறுபடி பார்க்கலாம் என்று ஒரு குறிப்பு. 2012 ஏப்ரலில் 2.69 பதிப்பு வெளிவந்தது. குறிப்பு அப்படியே இருந்தது.

லாங் லாங் சோதனையில் ஒரே காரியத்தை இரண்டு தரம் செய்கிற இடம் ஒன்று உண்டு. ஒரு எண்ணை 63 பிட் தள்ளச் சொல்கிறது. பிறகு 63ஐ ஒரு மாறியில் வைத்து, அந்த மாறியின் அளவுக்குத் தள்ளச் சொல்கிறது. 32 பிட் சில்லில் இரண்டும் ஒன்றல்ல. 63 என்று நேராக எழுதினால் கம்பைலர் தானே சமாளித்துவிடும். மாறி என்றால் அதற்கென்று உள்ள ஒரு துணை ஃபங்ஷனைக் கூப்பிடும். வகுத்தலுக்கும் அப்படியே. அந்த ஃபங்ஷன் லைப்ரரியில் இல்லையென்றால் கம்பைல் ஆகும், லிங்க் ஆகாது. அதனால் இந்தச் சோதனை லிங்க் வரைக்கும் போய்ப் பார்க்கிறது.

தமிழ்க் கணக்கு தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு சோதனையைச் சிபாரிசு செய்வேன். அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியவை இரண்டின் அடுக்குகள். புள்ளி எண்களுக்கான டபுள் வகையில் ஒரு துளியும் பிசகாமல் உட்காரும். இருபதில் ஒரு பங்கான மா, எண்பதில் ஒரு பங்கான காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி உட்காரா. ஐந்தின் மடங்கு உள்ளே புகுந்துவிட்டதால் இரும எண்ணில் முடிவில்லாமல் நீளும். லாங் டபுளுக்கு 16 பைட் கொடுத்தாலும் அதே கதை. சி மொழியின் 2023 தரத்தில் விருப்பமாகச் சேர்ந்திருக்கும் டெசிமல் வகைகளில் இவை எல்லாம் பிசகில்லாமல் அடங்கும். முந்திரியில் முந்திரியான கீழ் முந்திரி, அதாவது 102400இல் ஒன்று, 0.000009765625. முன் பூஜ்யங்களைத் தள்ளினால் ஏழு இலக்கம். டெசிமல் வகைகளில் ஆகச் சிறியதான டெசிமல்32 கொள்வதும் ஏழே இலக்கம். நம்மவர்கள் அதற்காக வகுத்து வைத்தது போல அச்சாகப் பொருந்துகிறது.

எல்லாக் கம்பைலரும் டெசிமல் வகைகளைத் தருவதில்லை என்பதால் கன்ஃபிகரில் கேட்டுத்தான் ஆக வேண்டும். பெயர் இருக்கிறதா என்பதை இரட்டை அடைப்புக்குறி சொல்லிவிடும். வகுத்தல் நடக்கிறதா என்பதற்கு ஒன்றையும் 320ஐயும் மாறிகளில் வைத்து, இரண்டு முறை வகுத்து, லிங்க் செய்து பார்க்க வேண்டும். எண்களை நேராக எழுதினால் கம்பைலர் தானே கணக்கை முடித்துக் கொடுத்துவிடும். லைப்ரரியில் வகுக்கிற ஃபங்ஷன் இருக்கிறதா என்பது தெரியாமலே போய்விடும்.